கொப்பியின் ஒன்பதாம் பக்கம்

இன்ஸ்பெக்டர் என் கொப்பியை நேராக வைத்துப் பார்த்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தும் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் அதில் கோடும் வளைவும் புள்ளியும் கொக்கியும்தான் இருந்தன.

“மே மொக்கத?” என்றார். இது என்ன என்று அர்த்தம்.

“சுருக்கெழுத்து, சேர்.”

“எந்த இயக்கத்தின் சுருக்கெழுத்து?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 

கண்டியில் ஒரு பொலிஸ் நிலையம். எது என்று சொல்லமாட்டேன், அதனால் யாருக்கும் லாபமில்லை. காலை எட்டரை மணி இருக்கும். முதல்நாள் பின்னேரம் வத்தேகமவிலிருந்து வந்த பஸ்ஸை வழியில் மறித்து, எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்து, என்னை மட்டும் இறக்கியிருந்தார்கள். விடியும்வரை ஒரு நீள மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் கை வைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பினாயில் வாசனைக்கு நடுவே எங்கேயோ கருவாடு பொரிக்கும் வாசனை வந்தது. அந்த நிலையிலும் எனக்குப் பசித்தது, வெட்கங்கெட்ட வயிறு.

எந்த வருடம் என்று கேட்காதீர்கள். கலவரம் ஓய்ந்து போர் ஓயாத வருடங்களில் ஒன்று. கண்டி பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்ட காலம். என் அடையாள அட்டையில் தெல்தோட்டைத் தோட்டத் தொழிலாளர் லயத்தின் விலாசம். பையில் வானொலி நிலையம் ஒலிப்பதிவுக்குத் தந்த ரேப் ரெக்கோடர். அதன் கீழே இந்தக் கொப்பி. சந்தேகப்படுவதற்கு இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேண்டும்?

போன வாரம் இதே பகுதியில், நான் முதன்முதலாக மைக்குக்கு முன் உட்கார்ந்து அமைச்சரின் பெயருக்கு நடுவில் தும்மிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கம்பளையிலிருந்து ஒரு வாசகி, ‘எல்லாவற்றையும் வேடிக்கையாகவே எழுதுகிறீர்களே, நீங்கள் எப்போதாவது பயந்ததுண்டா?’ என்று கேட்டிருந்தார். அம்மா, பயந்திருக்கிறேன். இந்த வாரம் அதுதான்.

கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன்

சுருக்கெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

தெல்தோட்டையில் என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகன் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகக் கண்டியில் ஒரு துணிக்கடைக்கு மேலே நடந்த மாலை வகுப்பில் தட்டச்சும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் படித்தேன். கிளாக்கர் வேலை கிடைக்கவில்லை. சுருக்கெழுத்து மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, என் வேகம் அப்படி. பொதுக்கூட்டங்களில் மற்ற நிருபர்கள் ‘என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு’ என்று என் தோளைச் சுரண்டுவார்கள். ஓர் அரசியல்வாதி, தான் அப்படிப் பேசவே இல்லை என்று ஆசிரியருக்குத் தொலைபேசியில் கத்தியபோது, அவர் பேசியதை இருமலோடு சேர்த்து நான் திருப்பி வாசித்தேன். கொழும்புத் தமிழ் நாளிதழ் என்னைக் கண்டி நிருபராக வைத்துக்கொண்டது அதனால்தான். கண்டி வானொலியில் முதலில் மொழிபெயர்ப்பாளனாகவும் பிறகு செய்தி வாசிப்பவனாகவும் நுழைந்ததும் அதனால்தான். காலையில் பத்திரிகைக்கு ஓடுவேன், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ரேடியோவில் செய்தி வாசிப்பேன்.

கேட்பதை எல்லாம் ஒலிப்படி எழுதிவிடலாம் என்பதுதான் சுருக்கெழுத்தின் வசதி. எதிரில் இருப்பவர் சிங்களத்தில் பேசினாலும் அப்படியே பிடித்துவிடலாம். இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பேசுபவரின் பெயர், ஊர் இரண்டையும் முதலில் போட்டுவிடுவேன். போடாவிட்டால் கை ஓடாது.

அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என் கழுத்துக்கு வந்தது. என் கழுத்து மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

சுமணே முதலாளி

கொப்பியின் முதல் எட்டுப் பக்கங்களில் தெல்தோட்டையில் நடந்த சம்பளப் போராட்டக் கூட்டம். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒன்பதாம் பக்கம்தான் வத்தேகம.

வத்தேகமவில் சுமணே முதலாளி என்று ஒரு சிங்களவர் பேக்கரி வைத்திருந்தார். பருத்த உடம்பு, எந்நேரமும் முழங்கை வரை மா. கலவரத்தின்போது பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூன்றைத் தன் விறகுக் கொட்டிலில் ஒளித்து வைத்து, நான்கு நாள் பாண் கொடுத்துக் காப்பாற்றியவர். அந்த நேரம் அவர் பேக்கரிக்கு முன்னால் ஒரு வாகனம் வந்து நின்றது. கடைகளுக்குத் தீ வைத்தவர்கள் அதிலிருந்துதான் இறங்கினார்கள். நான்கு பேரை அவருக்கு நன்றாகத் தெரியும். வாகனம் யாருடையது என்பதும் தெரியும். ஊரின் பெரிய அரசியல் புள்ளி ஒருவருடையது.

நான் பல மாதம் அலைந்து, கடைசியில்தான் அவர் வாய் திறந்தார். சொல்லும்போது பேக்கரிக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். “என் பெயர் வெளியே போகக்கூடாது மாத்தயா. போனால் இந்தப் போறணையில் என்னைத்தான் வைத்துச் சுடுவார்கள்” என்றார். சத்தியம் செய்தேன். சத்தியம் செய்த கையாலேயே பக்கத்தின் தலையில் ‘சுமணே, பேக்கரி, வத்தேகம’ என்று எழுதினேன். அதன் கீழே நான்கு பெயர்கள், வாகன இலக்கம், எல்லாம்.

பழக்க தோஷம் என்பார்கள். முட்டாள்தனம் என்று சொல்வதுதான் சரி.

அந்த நான்கு பேரில் ஒருவர், நான் உட்கார்ந்திருந்த பொலிஸ் நிலையத்துக்குத் தினமும் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துப் போகிறவர். அன்று காலையும் வந்து போனார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேறு போனார்.

“வாசி”

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு ஜீப் வரும், என்னையும் கொப்பியையும் ஏற்றிக்கொண்டு போகும் என்று ஏற்பாடாகியிருந்தது. அப்படி ஏறிப் போனவர்கள் சிலர் ஒரு வாரத்தில் வந்தார்கள். சிலர் இரண்டு வருடத்தில் வந்தார்கள். மற்றவர்களின் தாய்மார் அரசாங்கக் கச்சேரி வாசலில் பிள்ளையின் படத்தோடு நிற்பதை நானே செய்தியாக எழுதியிருக்கிறேன்.

“இது இரகசியப் பாஷை என்றால் எனக்கு நல்ல பெயர்” என்றார் இன்ஸ்பெக்டர், ஒளிவுமறைவு இல்லாமல். “நீ சொல்கிறபடி தேயிலைக் கொழுந்துச் சம்பளக் கணக்கு என்றால் கொழும்பில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு முதலில் தெரியவேண்டும். வாசி.”

என்னுடைய ரேப் ரெக்கோடரையே மேசையில் வைத்து அமுக்கினார். பக்கத்தில் தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர், அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், பெயர் நவ்பர். நான் வாசிக்க வாசிக்கச் சிங்களத்தில் எழுதவேண்டியது அவர் வேலை.

“பயப்பட வாணாம்” என்றார் நவ்பர், மெதுவாக. “உள்ளத அப்படியே வாசிங்க, நான் எழுதுறன்.”

எட்டுப் பக்கங்களை வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. ரேடியோக்காரன் குரலுக்கு அந்த ஒரு நன்மை உண்டு, உடம்பு நடுங்கினாலும் அது தன் பாட்டில் போகும். ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன்.

‘சுமணே, பேக்கரி, வத்தேகம.’

நவ்பர் பேனாவோடு காத்திருந்தார். ரேப் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன சொல்வது? புதிதாக ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்ய மூளை ஓடவில்லை. வாய் தானாகச் சொன்னது:

“இந்தப் பக்கம் பயிற்சி, சேர். கை வேகம் குறையாமல் இருக்க எழுதிப் பார்ப்பது. பாட்டுக்காரர்கள் சாதகம் பண்ணுவதுபோல.”

“அதையும் வாசி.”

அந்தக் காலத்தில் இலங்கையில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் படித்த எவரும் முதலில் எழுதிப் பழகிய பாடம் ஒன்று உண்டு. அரசாங்கப் பரீட்சைக்கென்று ரோனியோ பண்ணிய தாள்கள் கைமாறிக் கைமாறி வரும். யாழ்ப்பாணமோ ஹட்டனோ மட்டக்களப்போ, எல்லோருக்கும் அதே தாள்தான். முதல் தாளில் ஒரு வியாபாரக் கடிதம். ஆசிரியர் நிறுத்தற்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதையே நூறு தடவை சொல்ல, நாங்கள் நூறு தடவை எழுதுவோம். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எடுத்துவிட்டேன்:

“கனம் ஐயா, தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ச்சியடைந்தோம். தாங்கள் கேட்டபடி இருபத்தைந்து பெட்டி தேயிலையைப் புகையிரதத்தில் அனுப்பியுள்ளோம். அவற்றுள் மூன்று பெட்டிகள் மழையில் நனைந்துவிட்டன என அறிந்து மிகவும் வருந்துகிறோம். அவற்றுக்குப் பதிலாக வேறு பெட்டிகள் விரைவில் அனுப்பி வைக்கப்படும். இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள.”

என் வாழ்க்கையில் எத்தனையோ தேர்தல் முடிவுகளை வாசித்திருக்கிறேன். இதைப்போல அழகாக எதையும் வாசித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ரேப்பை நிறுத்தினார். “சரி” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அரை நிமிடம் நீடித்தது.

“இனி இதையே வேறு ஒருவரை வைத்து வாசித்துப் பார்க்கவேண்டும்” என்றார். “கோர்ட்டில் தமிழ்ச் சுருக்கெழுத்து எழுதும் ஒரு மிஸ் இருக்கிறாரே. நவ்பர், போய்க் கூட்டிக்கொண்டு வா.”

வேறு ஆளே இல்லையா?

கண்டி முழுவதற்கும் கோர்ட்டில் ஒரே ஒரு தமிழ்ச் சுருக்கெழுத்தாளர்தான். செல்வி தில்லையம்பலம். எல்லோருக்கும் தில்லை மிஸ். யாழ்ப்பாணத்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தனி ஆள். கட்டுக்கலையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வெயிலோ மழையோ, கறுப்புக் குடை. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

உலகத்தில் என்னைக் காப்பாற்றவேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு ஒரு வருடத்துக்கு முன் ஒரு காணி வழக்கு. கோர்ட் பதிவில் சாட்சி ஒருவர் சொன்னதாக ஒரு பதில் இருந்தது. என் கொப்பியில் அந்தப் பதில் இல்லை. என் வேகத்தில் எனக்கு அப்படியொரு நம்பிக்கை. ‘சாட்சி சொல்லாததைச் சேர்த்து வாசித்தார் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்’ என்று எழுதி அனுப்பினேன். கொட்டை எழுத்தில் போட்டார்கள். பெயர் போடவில்லை. கண்டியில் ஒருவர்தான் என்றால் பெயர் எதற்கு?

அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். மூன்று மாதம் வழக்குக்கு விடாமல் பழைய வழக்குக் கோவைகள் அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு, எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அந்த ஆள் அதச் சொன்னது மெய்தானே. நீங்கதான் அந்த நேரம் மண்டபத்துல இல்ல.”

நினைத்துப் பார்த்தேன். இல்லைதான்.

தில்லை மிஸ் ஆசிரியருக்கு ஒரு மறுப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். அரைப் பக்கம், ஒரு கோபமான வார்த்தை கிடையாது. ஆசிரியர் அதை என் கருத்துக்கு அனுப்பினார். நான் என் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். ஆசிரியர் மறந்துபோனார். நான் மறக்கவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. பிழை விட்டேன் என்று ஊருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோர்ட் படியில் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அந்த மிஸ்தான் இப்போது குடையை மடித்துக்கொண்டு பொலிஸ் நிலையப் படியேறி வந்தார்.

தண்ணீர் ஒரு கிளாஸ்

என்னை வெளி விறாந்தையில் வாங்கில் உட்கார வைத்தார்கள். அறைக்கு அரைக்கதவு. உள்ளே பேசுவது கேட்கும், நான் வாய் திறக்கக்கூடாது. மிஸ் என்னைக் கடந்து போகும்போது ஒரு தடவை பார்த்தார். கோவையில் பக்க இலக்கம் பார்ப்பதுபோல ஒரு பார்வை, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் விளக்கினார். இந்த நிருபர் எல்லாவற்றையும் ரேப்பில் வாசித்துவிட்டார். மிஸ் கொப்பியைப் பார்த்து வாசிக்கவேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வித்தியாசம் இருந்தால் இரண்டு மணி ஜீப்.

மிஸ் வாசிக்கத் தொடங்கினார். ஏற்ற இறக்கம் இல்லாத கோர்ட் குரல். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். தெல்தோட்டைச் சம்பளப் போராட்டத்தை அப்படி ஒரு யாழ்ப்பாணக் குரலில் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். எட்டாம் பக்கம் வரை எல்லாம் சரி. நவ்பர் “சரிதான் சேர், சரிதான் சேர்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

என்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருப்பதை இருக்கிறபடி வாசிப்பதுதான் அவர் தொழில். வாசித்தால் சுமணே முதலாளி அன்று பின்னேரமே முடிந்தார். நான் பொய்யன் என்று ஆகும், ஜீப் ஏறுவேன். வாசிக்காமல் வேறு எதையாவது சொன்னால், நான் ரேப்பில் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாசிப்பும் மோதினால், தனியாக இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், என் பக்கத்தில் அதே வாங்கில் உட்காரவேண்டி வரும்.

“கொஞ்சம் தண்ணி தாங்கோ” என்றார் மிஸ்.

நவ்பர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி கும்பிடும் பழக்கம் எனக்குக் குறைவு. அன்றைக்கு ஒருவரையும் விடவில்லை.

“இது பயிற்சிப் பாடம்” என்றது அந்தக் குரல். “எல்லாரும் எழுதிப் பழகிறது. வாசிக்கிறன். கனம் ஐயா, தங்கள் கடிதம் கிடைத்து மகிழ்ச்சியடைந்தோம். தாங்கள் கேட்டபடி இருபத்தைந்து பெட்டி தேயிலையை...”

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வந்தது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“...மூன்று பெட்டிகள் மழையில் நனைந்துவிட்டன என அறிந்து மிகவும் வருந்துகிறோம். இது விடயமாக எமது களஞ்சியக் காப்பாளரைக் கண்டித்துள்ளோம். அவற்றுக்குப் பதிலாக...”

“நில்லுங்க மிஸ்” என்றார் நவ்பர். “களஞ்சியக் காப்பாளர் ரேப்புல இல்ல.”

போச்சு என்று நினைத்தேன். அவசரத்தில் நான் ஒரு வரியை விழுங்கியிருக்கிறேன். கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்திருக்க வேண்டும்.

மிஸ் சிங்களத்தில் பதில் சொன்னார், அதே குரலில். “அது இவருடைய வழக்கம். ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டுத் தான் சொன்னதுதான் சரி என்று இருப்பார். கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.”

கதிரை மறுபடி முன்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு இன்ஸ்பெக்டர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஒன்றரை மணிக்கு என் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொப்பியும் உள்ளே இருந்தது. கொழும்பு ஜீப் வந்தபோது நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். அது வெறுமையாகத் திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

தேத்தண்ணிக் கடையில்

தில்லை மிஸ் கோர்ட்டுக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் எனக்காகக் காத்திருந்தார். நான் போய் உட்காருவதற்குள் கையை நீட்டினார்.

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சுத் தாங்கோ.”

கொடுத்தேன். அடுப்படிக்குப் போய், சுடுதண்ணிக் கேத்தலுக்குக் கீழே தன் கையாலேயே வைத்தார். எரிந்து முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பேரை முழுசா எழுதிற ஆள் ஒரு நிருபரோ?” என்றார். “அந்த மனுசனுக்குப் பிள்ளை குட்டி இல்லையோ?”

“மன்னிச்சுக்குங்க மிஸ்” என்றேன். “நான் என்ன சொல்லியிருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?”

“வேறை என்னத்தைச் சொல்லியிருப்பியள்? சுருக்கெழுத்துப் படிச்ச எவரும் மாட்டுப்பட்டால் அதைத்தான் சொல்லுவினம். எங்களுக்கு வேறை என்ன பாடம்?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எண்டாலும் நிச்சயமாத் தெரியாது. தண்ணி கேட்டது தாகத்துக்கு இல்லை, நேரம் எடுக்கிறதுக்கு” என்றார்.

 அன்றாவது சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை என்று பட்டது.

“மிஸ், உங்க கடிதம் எங்கிட்டதான் இருக்கு. நான்தான் போடாம வச்சிருந்தேன். நீங்க எழுதினதுதான் சரி. நாளைக்கே மறுப்புப் போடச் சொல்றேன், முதல் பக்கத்துல.”

மிஸ் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“இருவது வருசமா அந்தக் கதிரையிலை இருக்கிறன்” என்றார். “ஒருத்தர் சொல்லாத ஒரு சொல்லை இண்டைவரைக்கும் நான் வாசிச்சதில்லை. வாசிச்சனெண்டு நீங்கள் பேப்பரிலை போட்டியள். இண்டைக்கு வாசிச்சிட்டன். இனி என்னத்துக்கு மறுப்பு? நீங்கள் போட்டது உண்மையாப் போச்சு.”

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். தில்லை மிஸ் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கடைக்காரர் எனக்கு இன்னொரு தேத்தண்ணியைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி சரசு வாசலில் நின்றாள். இரவு வராதது வேலையால் என்று இருந்தவள், மதியச் செய்தியை வேறு ஒருவர் வாசித்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அப்போதிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள். “வந்துட்டீங்களா” என்று கேட்டாள். உடனே ஏசத் தொடங்கினாள். ஏசிக்கொண்டே சோறு போட்டாள். நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ஏச்சும் சோறும் அவ்வளவு ருசியாக இருந்தன.

சுமணே முதலாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த நான்கு பெயர்களை நான் எழுதவும் இல்லை. அதில் எனக்குக் குறை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தன் கட்டிலில், தன் வயதில் போனார். செத்த வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் துக்கத்தைவிட ஆறுதல்தான் கூடுதலாக இருந்தது. அவர் போனபிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

தில்லை மிஸ் இப்போது கனடாவில் தங்கை மகளோடு இருக்கிறார். இந்த இதழை வாராவாரம் கடைசிப் பக்கம்வரை வாசிப்பார் என்று கேள்விப்பட்டேன். மறுப்பு வேண்டாம் என்று அன்று சொன்னார், நானும் அந்தச் சாட்டில் இத்தனை வருடம் போடாமல் விட்டுவிட்டேன். மிஸ், இந்த ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

மறுப்பு: கண்டி நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர், சாட்சி சொல்லாததைச் சேர்த்து வாசித்தார் என்று இந்த நிருபர் முன்பு எழுதிய செய்தி பிழையானது. சாட்சி அந்தப் பதிலைச் சொன்னார். செல்வி தில்லையம்பலம் அதைச் சரியாகவே எழுதினார், சரியாகவே வாசித்தார். அந்த நேரம் நிருபர் கன்டீனில் உட்கார்ந்து, ரேடியோவில் தன் குரல் எப்படி இருந்தது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.